அபாயம் நீங்காத கரையில் ஆலோசனை அறை

ஒருவரின் தாங்கும் ஆற்றலை மீறி நிகழ்ந்த ஒன்று, நிகழ்ந்து முடிந்த பின்னரும் அவருடைய உடலிலும் நினைவிலும் உறவுகளிலும் தொடர்ந்து செயல்படுவதை மனநல அறிவியல் மனவடு என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் தன் நோய் வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பில் பி.டி.எஸ்.டி. எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாற்றைச் சேர்த்தபோது, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் நிலையே பெரிதும் அதன் பின்னணியில் இருந்தது. போர் எங்கோ தொலைவில் நடந்தது, வீரர் வீடு திரும்பிவிட்டார், அவருடைய உடல் மட்டும் இன்னும் களத்திலேயே நிற்கிறது என்ற பார்வையிலிருந்து அந்த நோயறிதல் பிறந்தது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் வடசென்னைக் கரையில் இப்பார்வையை அப்படியே பொருத்த முயலும் ஆலோசகர் முதல் அமர்விலேயே தடுமாற நேரும். இங்கே வீடும் களமும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

இக்கரையின் அண்மைக்கால வரலாற்றைச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி மீனவக் குப்பங்களில் புகுந்து உயிர்களையும் படகுகளையும் கொண்டு சென்றது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதில் கொட்டிய எண்ணெய் கரைப் பாறைகளில் கட்டியாகப் படிந்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தை அடைந்து, வீட்டுச் சுவர்களிலும் வலைகளிலும் கரிய கோடாக ஒட்டிக்கொண்டது. அதற்கு மூன்று வாரங்களுக்குப் பின், டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் வேளையில், கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து திரவ அம்மோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் பகுதி மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினர், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆண்டுதோறும் கடலில் பாலூற்றி மலர் தூவிச் சுனாமியில் மாண்டவர்களை நினைவுகூரும் அதே நாள் அது, பத்தொன்பதாவது ஆண்டு.

நாட்காட்டியின் இந்தப் பொருத்தம் தற்செயலானது என்றாலும், மனநலத் துறைக்கு அது பொருளற்றதன்று. பேரிழப்பு நிகழ்ந்த நாள் நெருங்கும்போது காரணம் புலப்படாத எரிச்சல், தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு ஆகியவை மீண்டும் தலைகாட்டுவதை ஆண்டு நினைவு எதிர்வினை என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. டிசம்பர் மாதக் கடைசியில் எண்ணூர்ப் பகுதியிலிருந்து ஒருவர் ஆலோசனைக்கு வந்து, தனக்கு எந்தக் குறையும் இல்லை, ஆனால் ஒரு வாரமாகத் தூக்கமே வரவில்லை என்று சொன்னால், அவரிடம் முதலில் கேட்கத்தக்கது அவருடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிய கேள்வியாக இருக்காது.

இயற்கைப் பேரிடரைக் காட்டிலும் மனிதரின் கவனக்குறைவால் நேர்ந்த பேரிடர் மனத்தில் வேறுவிதமான காயத்தை விட்டுச்செல்கிறது என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் கை எரிக்சன் விரிவாக எழுதியிருக்கிறார். 1972இல் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் நிலக்கரி நிறுவனத்தின் கழிவுநீர் அணை உடைந்து ஊர்களை அழித்ததை ஆராய்ந்த அவர், தனிமனிதரின் மனவடுவோடு கூட ஒரு சமூகத்தின் உறவுப் பின்னல் அறுந்துபோவதாகிய கூட்டு மனவடுவும் உண்டு என்று காட்டினார். யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ஈழப் போரிலும் சுனாமியிலும் சிக்கிய குடும்பங்களிடையே இதே முடிவுக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார். நச்சுப்பொருள் சார்ந்த விபத்துகளில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: வெள்ளம் வடிந்தால் வடிந்தது கண்ணுக்குத் தெரியும், வாயுவும் நீரில் கலந்த எண்ணெயும் எப்போது முழுமையாக நீங்கின என்று கண்ணால் கண்டு உறுதிசெய்ய எவராலும் முடியாது. அபாயம் முடிந்தது என்ற அறிவிப்பை, அபாயத்துக்குக் காரணமான தரப்போ அதைக் கண்காணிக்கத் தவறிய தரப்போதான் வெளியிட வேண்டியிருக்கும்போது, அதை நம்பாமலிருப்பதை நோய்க்குறி என்று எழுதிவைப்பது கடினம்.

மனவடு அறிந்த அணுகுமுறை என்று இன்று அழைக்கப்படுவது, பி.டி.எஸ்.டி.க்கான சிகிச்சையிலிருந்து வேறானது. சிகிச்சை என்பது ஒரு குறிப்பிட்ட நோயாளியின் குறிப்பிட்ட அறிகுறிகளைக் குறைக்கும் முறை. அணுகுமுறையோ, வருபவர் எவராயினும் அவருக்கு ஒரு காயம் இருக்கக்கூடும் என்ற முன்னெச்சரிக்கையோடு வரவேற்பறை முதல் கட்டணச் சீட்டு வரை அனைத்தையும் அமைத்துக்கொள்வது. மேக்சின் ஹாரிஸ், ராஜர் ஃபாலட் ஆகியோர் 2001இல் இக்கருத்தைச் சேவை அமைப்புகளுக்கான ஒரு வடிவமாக முன்வைத்தனர். அமெரிக்க அரசின் போதைப்பழக்க, மனநலச் சேவைகள் நிர்வாகம் 2014இல் பாதுகாப்பு, வெளிப்படைத்தன்மை, சக மனிதர் துணை, கூட்டுச் செயல்பாடு, தெரிவு செய்யும் உரிமை, பண்பாடு மற்றும் பாலினம் சார்ந்த உணர்திறன் ஆகியவற்றை அதன் கொள்கைகளாக வகுத்தது. இவை அலுவலகச் சுவரில் மாட்டிவைக்க எளிதானவை. இந்த அணுகுமுறையைப் பின்பற்றிய நிறுவனங்களில் நோயாளிகள் உண்மையிலேயே கூடுதலாகக் குணமடைகிறார்களா என்பதற்கான சான்றுகள் இன்னும் மெலிந்தே உள்ளன என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஆனாலும் இதில் அடங்கியிருக்கும் ஒரு கேள்வி வடசென்னைக்கு மிகவும் பயன்படுகிறது: உதவ வந்த அறையே, வந்தவரின் பழைய காயத்தை எந்தெந்த வகையில் மீண்டும் நிகழ்த்துகிறது?

இக்கேள்விக்கு விடை தேட மணத்திலிருந்து தொடங்கலாம். பார்வை, ஒலி, தொடுகை ஆகிய புலன்களின் செய்திகள் மூளையின் தலாமஸ் என்னும் இடைநிலையம் வழியாகவே பிற பகுதிகளுக்குச் செல்கின்றன. மணம் மட்டும் மூக்கறைக்கு மேலே மூளையின் அடிப்பகுதியிலுள்ள முகர்வுக் குமிழிலிருந்து அச்சத்தை மதிப்பிடும் அமிக்டலா பகுதிக்கு அந்த இடைநிலையத்தைத் தொடாமலேயே செல்லக்கூடியது. இதனால்தான் ஒரு வாடை, அது எதன் வாடை என்று மனம் பெயரிடுவதற்கு முன்பே இதயத்துடிப்பை உயர்த்திவிடுகிறது. அம்மோனியாவோ முகர்வு நரம்போடு நில்லாமல், முகத்தின் எரிச்சலையும் வலியையும் உணர்த்தும் முப்பிரிவு நரம்பையும் தூண்டுகிறது. ஆகவே அது மணமாகவும் கண்ணிலும் தொண்டையிலும் நேரும் தாக்குதலாகவும் ஒரே நேரத்தில் பதிகிறது. பனிக்கட்டி ஆலைகளில் குளிரூட்டும் பொருளாகப் பரவலாகப் பயன்படுவதும் அம்மோனியாவே என்பதால், மீனும் பனிக்கட்டியும் சார்ந்த பிழைப்பு நடத்துபவருக்கு அது முற்றிலும் அந்நியமான வாடையும் அன்று. ஆலோசனை அறையைக் காலையில் கடுமையான தரைக் கழுவியால் துடைத்து, சன்னல்களை அடைத்து, குளிர்சாதனத்தை இயக்கி, அமைதிக்காகக் கதவைத் தாழிட்டுவைத்திருக்கும் ஆலோசகர், வாயுக் கசிவிலிருந்து ஓடிவந்த ஒருவருக்கு அந்த இரவின் முக்கால் பங்கை அறியாமலேயே மீண்டும் அமைத்துக் கொடுத்துவிடுகிறார். சன்னலைத் திறந்து வைப்பதா, கதவருகே அமர்வதா என்பதை வந்தவரே முடிவு செய்ய விடுவது செலவில்லாத மாற்றம்.

சிகிச்சை முறையையும் இதே கேள்வி தொடுகிறது. பி.டி.எஸ்.டி.க்கு நல்ல ஆய்வுச் சான்று உள்ள முறைகளுள் ஒன்று, எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை. அச்சமூட்டும் நினைவையும் சூழலையும் படிப்படியாக, பாதுகாப்பாக எதிர்கொள்ளும்போது, இது இப்போது ஆபத்தற்றது என்ற புதிய கற்றல் மூளையில் பழைய அச்சத்தின் மேல் படிகிறது என்பது அதன் கொள்கை. இக்கற்றல் உண்மையாக இருந்தால்தான் முறை செயல்படும். கடலைக் கண்டு அஞ்சும் பெண் கரையில் சிறிது சிறிதாக நடந்து பழகலாம். கடல் பெரும்பாலான நாட்களில் உண்மையிலேயே அமைதியாக இருக்கிறது. நள்ளிரவில் காரமான வாடை வந்தால் உடனே எழுந்து ஓடத் துடிக்கும் எண்ணூர்வாசியை அந்தத் துடிப்பு அடங்கும் வரை படுக்கையிலேயே இருக்கப் பழக்குவது, 2023இல் அவர் உயிரைக் காத்த எச்சரிக்கை மணியின் கம்பியை அறுப்பதற்கு ஒப்பாகும். வீட்டுக் குளியலறையில் தரைக் கழுவியை ஊற்றும்போது வரும் வாடைக்கும், காற்று வரும் திசையில் தொழிற்சாலையிருக்க வெளியிலிருந்து வரும் வாடைக்கும் உள்ள வேறுபாட்டை உடல் மீண்டும் கற்றுக்கொள்ள உதவுவதும், இரண்டாவது நேர்ந்தால் எந்தத் தெரு வழியாக, யாரை அழைத்துக்கொண்டு, எங்கே செல்வது என்ற திட்டத்தைக் குடும்பத்தோடு வகுத்துவைப்பதும் இவ்விடத்தில் சிகிச்சையின் பகுதிகளே. அபாயம் நீடிக்கும் ஊரில் மனத்தை அமைதிப்படுத்துவதை மட்டுமே தன் தொழிலாகக் கொள்ளும் ஆலோசகர், தான் விரும்பாமலேயே தொழிற்சாலையின் தரப்பில் நின்றுவிடும் வாய்ப்பு உண்டு. அமைதி வேண்டியதுதான், அது உண்மைக்கு விலையாகக் கேட்கப்படக்கூடாது.

என்ன நடந்தது என்று முழுவதையும் உடனே பேசவைத்தால் மனம் இலகுவாகும் என்ற நம்பிக்கையும் ஆய்வுக்கு நிற்கவில்லை. 1980களில் ஜெஃப்ரி மிட்செல் பரப்பிய நெருக்கடி நிகழ்வு விளக்கவுரை முறையில், பேரிடரைக் கடந்தவர்களைச் சில நாட்களுக்குள் ஓரிரு அமர்வுகளில் நடந்ததை விவரிக்கச் செய்வார்கள். சாலை விபத்தில் சிக்கியவர்களை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து 2000இல் வெளியான பிரித்தானிய ஆய்வு, அத்தகைய அமர்வு பெற்றவர்களுள் தொடக்கத்தில் கடும் பாதிப்பிலிருந்தோர் பெறாதவர்களைவிட மோசமான நிலையில் இருந்ததைக் கண்டது. நான்காண்டுகளுக்குப் பின் சுனாமி வந்தபோது, கேள்வித்தாள்களோடும் குறிப்பேடுகளோடும் வந்தவர்களுக்குத் தமிழகக் கடற்கரையில் குறைவில்லை. அதற்கு மாறாக, லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் நிறுவிய சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் அனுபவத்தை ஒட்டி, பயிற்சி பெற்ற சாதாரணத் தன்னார்வலர்கள் உறவினரை இழந்தோருக்குத் தொடர்ந்து துணையாயிருந்ததன் பயன் மதிப்பிடப்பட்டு 2008இல் வெளியானது. அத்தகைய துணை கிடைத்தவர்களிடம் மன உளைச்சல் குறைந்திருந்தது. மனநலப் பட்டம் பெற்ற எவரும் சற்றே பணிவடைய வேண்டிய முடிவு இது. தமிழகக் கடலோர மீனவக் கிராமம் ஒன்றில் சுனாமிக்கு இரண்டு மாதங்களுக்குப் பின் நடந்த கணக்கெடுப்பு 12.7 விழுக்காட்டினரிடம் பி.டி.எஸ்.டி. இருப்பதாகக் கண்டது, பெண்கள், காயமடைந்தோர், வருமானம் அற்ற குடும்பத்தினர் ஆகியோரிடையே அது கூடுதலாக இருந்தது. வருமானம் அந்தப் பட்டியலில் இருப்பதை ஆலோசகர்கள் பெரும்பாலும் வேகமாகக் கடந்து விடுகிறார்கள்.

கடக்கக்கூடாத ஓர் இடம் எர்ணாவூர். சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் கடலையும் மீன்பிடித் துறைமுகத்தையும் விட்டு விலகி எர்ணாவூர்ச் சுனாமி நகரில் குடியமர்த்தப்பட்டன. பிழைப்பு எட்டாத தொலைவுக்குப் போனது, கடன் வளர்ந்தது. 2007 ஜனவரியில், அங்கிருந்த பெண்கள் பலர் தரகர்கள் மூலம் தங்கள் சிறுநீரகத்தை விற்றிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. உறுப்பு வணிகத்தை 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் தடைசெய்கிறது. ஆகவே இந்தப் பெண்களின் உடலில் விலாவோரத் தழும்பு இருந்தது, கையில் பேசிய தொகையில் ஒரு பகுதி இருந்தது, ஏதோ ஒரு கோப்பில் அவர்கள் மனமுவந்து கொடுத்ததாகக் கையெழுத்தும் இருந்தது. இத்தகைய வரலாறு உள்ள பகுதியில் ஆலோசகர் முதல் நாளில் நீட்டும் ஒப்புதல் படிவம் அவர் நினைப்பதுபோல் வெறும் நடைமுறைக் காகிதமாக வாசிக்கப்படுவதில்லை. படிவத்தைப் பேச்சுத் தமிழில் வாய்விட்டு வாசித்துக் காட்டுவது, எந்த வரியை மறுத்தாலும் ஆலோசனை நிற்காது என்று சொல்வது, கையெழுத்தை இரண்டாம் அமர்வுக்குத் தள்ளிவைப்பது ஆகியவை ஒப்புதலுக்கு அதன் பொருளை ஓரளவு மீட்டுத் தருகின்றன.

துயரம் சொல்லப்படும் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். கை கால் உதறல், நெஞ்சடைப்பு, தலை கிறுகிறுப்பு, வயிற்றில் ஏதோ பிசைவது என்று உடல்வழியே பேசப்படுவதுதான் இங்கு வழக்கம்; குழந்தை திடீரெனப் பேச்சைக் குறைத்தால், பயந்த கோளாறு என்று சொல்லி, தர்காவில் ஓதி ஊதிய தண்ணீரோ கோயிலில் மந்திரித்த கயிறோ மாதா கோயிலில் செபமோ தேடப்படுகிறது, பல குடும்பங்களில் மூன்றும் ஒரே வாரத்தில் நடக்கின்றன. அச்சமே காரணம் என்று குடும்பம் ஏற்கெனவே கண்டறிந்துவிட்ட இந்நிலையில், அதை மூடநம்பிக்கை என்று தள்ளும் ஆலோசகர் தனக்கு வாய்த்திருந்த பாதி வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்.

அனைவரையும் உள்ளடக்குவது என்ற சொல்லின் கனம், யார் வரவில்லை என்று எண்ணிப் பார்க்கும்போதுதான் தெரியும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் விடியலுக்கு முன் நடக்கிறது. கூடை சுமந்து விற்கச் செல்லும் பெண்களுக்குப் பிற்பகல்தான் ஓய்வு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளிக்கு நேரம் கிடைக்கிறது, பணம் கிடைப்பதில்லை. மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை என்று பலகை மாட்டி ஒரே கட்டணத்தை எழுதிவைத்தவருக்கு இவ்விரு தரப்பினருமே வாடிக்கையாளர் ஆக மாட்டார்கள். மொழியும் தடையாகிறது: 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் திட்டக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து அசாமைச் சேர்ந்த ஒன்பது தொழிலாளர்கள் இறந்தனர். உடனிருந்து பார்த்தவர்களின் மொழியில் பேசக்கூடிய ஆலோசகர் இப்பகுதியில் அரிது, ஆட்களை அனுப்பும் ஒப்பந்தக்காரரையே மொழிபெயர்ப்பாளராக அமர்த்தினால் அவர்கள் எதைச் சொல்வார்கள் என்பதை ஊகிக்க முடியும். அத்தகைய நிலையில் 14416 என்ற எண்ணில் பல மொழிகளில் இயங்கும் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை, 2022 முதல் கிடைத்துவரும் ஒரு மாற்று வழி.

பாலினச் சிறுபான்மையினர் தொடர்பாகச் சட்டம் தெளிவான எல்லையை வகுத்திருக்கிறது. வடசென்னையின் வாயிலில் நிற்கும் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பெற்றோரின் எதிர்ப்பிலிருந்து பாதுகாப்புக் கோரிய இரு பெண்களின் வழக்கில், தனக்கே இப்பொருளில் புரிதல் போதவில்லை என்று பதிவுசெய்து, வித்யா தினகரன் என்ற உளவியல் ஆலோசகரோடு அமர்ந்து கற்றுக்கொண்ட பின் 2021 ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார். பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதை அது தடைசெய்தது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் அத்தகைய மாற்றுச் சிகிச்சையைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. பையனைக் கொஞ்சம் பேசிச் சரிபண்ணுங்கள் என்று பெற்றோர் கட்டணத்தை முன்கூட்டியே நீட்டும் வேளையில், தனியார் ஆலோசகரின் வருமானமும் அறமும் நேருக்கு நேர் மோதுகின்றன. மனவடு என்ற கோணத்திலிருந்து பார்த்தால் அந்த இளைஞருக்கு அபாயம் தொழிற்சாலையிலிருந்து வரவில்லை. அவரை அழைத்து வந்து பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களிடமிருந்தே வரலாம்.

தனியார் ஆலோசனையின் சிக்கல்களுள் மிகப் பெரியது, சிறிய ஊர்போல் இயங்கும் பெருநகரப் பகுதியில் ரகசியம் காப்பது. 1794இல் தொடங்கி 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மனநலக் காப்பகத்தின் நிழல் சென்னைத் தமிழில் இன்னும் விழுகிறது; கீழ்ப்பாக்கம் கேஸ் என்பது வசைச்சொல்லாகவே நீடிக்கிறது. காத்திருப்போர் அறையில் பக்கத்துத் தெருக்காரரைச் சந்திக்க நேர்ந்தால் இரண்டாம் அமர்வுக்கு ஆள் வருவதில்லை. அமர்வுகளுக்கிடையே கால் மணி நேர இடைவெளி விடுவதும், பெயர்ப்பலகையில் பொதுவான ஒரு பெயரை எழுதுவதும் இதை ஓரளவு தணிக்கும். ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அறிவிப்பது கட்டாயம். எல்லாவற்றையும் கொட்டிய பிறகு இந்த விதியைக் கேட்டறிபவர், ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார்.

இறுதியாக, வாயுக் கசிவுக்குப் பின் இழப்பீடு கோரும் குடும்பங்கள் ஆலோசகரிடம் சான்றிதழ் கேட்டு வருவதும் நடக்கக்கூடியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல வல்லுநர் என்று ஏற்பது மனநல மருத்துவர், பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் போன்றோரையே. பட்டயம் பெற்று அறை திறந்திருக்கும் ஆலோசகர் அந்த வரையறைக்குள் வருவதில்லை. 2021இல் இயற்றப்பட்ட துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஆலோசகர்களையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவர வழிசெய்தாலும், வாசலில் பலகை மாட்டியிருப்பவர் என்ன படித்தார் என்பதை வருபவர்தான் இன்றும் கேட்டறிய வேண்டியிருக்கிறது. எனவே ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பி, அங்கே பதிவு உருவாகச் செய்து, தன் பங்காக அமர்வு நடந்த நாட்களையும் வந்தவர் சொன்ன அறிகுறிகளையும் அவருடைய சொற்களிலேயே எழுதிக் கொடுப்பதே அவருக்கு இயன்றது. அந்தக் குறிப்பில் இன்றுவரை இரவில் காற்றின் வாடையை முகர்ந்து பார்த்த பின்னரே உறங்குகிறார் என்று எழுதும்போது, அது நோயாளியின் அறிகுறி என்ற தலைப்பின் கீழ் வருமா, அவர் வாழும் இடத்தின் நிலை என்ற தலைப்பின் கீழ் வருமா என்பதை ஆலோசகர் முடிவு செய்தாக வேண்டும், இரண்டிலும் எழுதத் தடையேதும் இல்லை.